காற்றுத் துப்பாக்கியும் கதிர்வயலும்

விடுமுறைக்கு ஊர் செல்லும் நெருள் நண்பர் சிலரின் பெட்டியில் காற்றுத் துப்பாக்கியும் ஏறிவிட்டது. கேட்டால், பயிரைக் காக்கவாம்! எதனிடமிருந்து?

உழவரை உண்மையில் அழவைப்பது காட்டுப்பன்றி. உரிமம் வேண்டாத துப்பாக்கியின் 4.5 மில்லிமீட்டர் குண்டு அதற்குப் புண்தான் தரும். அனுமதியின்றிச் சுடுவதோ 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மயிலுக்கும் அவ்வாறே. எஞ்சுவன சிட்டும் கரிச்சானுமே. குண்டுக்கு இரையாவனவும் அவையே.

கரிச்சான் பூச்சி தின்று வாழ்வது. தானியம் கொத்தும் சிட்டும் தன் குஞ்சுக்குப் புழுவையே ஊட்டுகிறது. 1958இல் சீனம் சிட்டைப் பகையென்று கொன்று குவித்தது; பூச்சி பெருகியது; 1960இல் பகைப் பட்டியலிலிருந்து சிட்டை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தது.

சிறுவன் சாலிம் அலியும் பம்பாயில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தியவர்தான். ஆனால் அதன் கழுத்தில் மஞ்சளைக் கண்டு, பெயர் கேட்க இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். பறவையியலறிஞராய் வளர்ந்தார். நம் தோழர்கள் சுடுமுன்னரே பெயரைக் கேட்கலாமன்றோ?

பன்றி அழித்த பயிருக்கு இழப்பீடு கேட்டுப் போராடுவோம், உடன் வருகிறேன். துப்பாக்கிப் பணத்திலோ வயலில் பறவை தாங்கிகள் நடுங்கள்: பகலில் கரிச்சான் அமரும், இரவில் ஆந்தை வந்து எலி பிடிக்கும்.