பவளப்பாறையும் கற்சுவரும்

"நீருள் முழுகிக் கிடக்கும் பவளப்பாறை அலையை எவ்விதம் தடுக்கும்? கரையில் கற்சுவர் எழுப்பினால் போதாதா?" என்று வினவும் நண்பர், அலையின் சுபாவத்தை ஆராயாமலே தீர்ப்புக் கூறிவிட்டார். ஆழ்கடலினின்று தடையின்றி உருண்டுவரும் அலை, நீரின் ஆழம் சட்டெனச் சுருங்கும் பாறை விளிம்பை எட்டியதும் நிமிர்ந்து, நுரைத்து உடைகிறது. எஞ்சிய வேகமும் கரடுமுரடான பவளத் தளத்தின்மேல் உராய்ந்து உராய்ந்து, க்ஷீணித்தே கரை சேர்கிறது. உலகின் பல பாறைகளை அளந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கணக்கு, அலைச்சக்தியில் சராசரி 97 சதவீதம் இவ்வாறு தணிகிறது என்றும், விளிம்பு மாத்திரமே 86 சதவீதத்தைத் தணிக்கிறது என்றும் சொல்கிறது.

சுவரோ அலையைத் திருப்பியடித்துத் தன் அடிமணலைத் தானே பறிகொடுப்பது. செப்பனிடுவோரை என்றும் எதிர்நோக்குவது. உயிருள்ள பாறை தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். (கூலி கேட்பதுமில்லை!) சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பவளம் வெட்டிய மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் நீருள் மறைந்துபோனதை நண்பர் கேள்விப்பட்டதில்லை போலும். மாலத்தீவின் தலைநகரான மாலேயில் பாறைத்திட்டைத் தூர்த்து நகரை விரித்தார்கள். 1987-இல் அலை ஊருக்குள் புகுந்தது. பிறகு, அவர் புகழும் அதே சுவரை ஜப்பானின் பொருளுதவி பெற்றுக் கட்ட நேர்ந்தது.