உறுதியே பகையானபோது

அமெரிக்க நாட்டின் மாவட்டக் கண்காட்சிகளிலே விந்தையான பந்தயம் ஒன்று நடைபெறுவதுண்டு. ‘டெமாலிஷன் டெர்பி’ என்பது அதன் பெயர். கண்ணாடிகள் அகற்றப்பட்ட பழைய கார்கள் திடலில் ஒன்றையொன்று மோதி நொறுக்கும். முன்புறமுள்ள ரேடியேட்டர் உடைந்தால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். ஆதலின் ஓட்டுநர் பெரும்பாலும் பின்னோக்கி வந்தே மோதுவர். இறுதிவரை நகரும் காருக்கே வெற்றி.

கிரைஸ்லர் நிறுவனத்தின் 1964 முதல் 1966 வரையிலான இம்பீரியல் கார்கள் இதிலே பெரும்பெயர் பெற்றவை. கனத்த அடிச்சட்டத்தின்மீது அமைந்த அவற்றின் உறுதிக்கு மற்றவை ஈடுகொடுக்கவில்லை. எனவே பல பந்தயங்களில் அவற்றுக்குத் தடை விதித்தனர். நெடுநாள் வாழவைக்க வேண்டிய உறுதியே அவற்றை மோதுகளத்திற்கு இழுத்துச் சென்றது!

பழங்கார் சேகரிப்போர் இதற்காக வருந்துகின்றனர். பந்தயக்காரரோ, “துருவேறிப் பழைய இரும்புக்குப் போகவிருந்ததைத்தானே உடைக்கிறோம்?” என்கின்றனர். அதிலும் உண்மை உண்டு. எல்லாவற்றையும் காத்துவைக்க இடமேது, பொருளேது?

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இன்று இம்பீரியல் என்னும் பெயரில் கார் எதுவும் செய்யப்படுவதில்லை. ஒரு விளக்கோ கதவுப்பிடியோ வேண்டுமாயின், பெரும்பாலும் மற்றொரு பழங்காரிடமிருந்தே பெற வேண்டும். ஓடாத கார்கூட வேறொன்றை ஓடச் செய்யும்.

ஆகவே உடைப்பதே தவறென்று நாம் கூறவில்லை. உடைக்குமுன், இதனைச் சீர்செய்வார் உளரோ, இதில் பிறருக்கு உதவுவது எதுவோ என்று கேட்பதே முறை. நொறுக்க ஒரு மாலைப்பொழுது போதும். நொறுங்கியதை மீண்டும் பெற ஓர் ஆயுளும் போதாது அன்றோ?