ஊருக்குப் போகாத ஒரு விடுமுறை

கோடை நெருங்கிவிட்டால் மும்பைத் தமிழர்களின் பேச்செல்லாம் ரயில் டிக்கெட்டைப் பற்றியதாகவே இருக்கும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் "டிக்கெட் கிடைத்ததா?" என்பதுதான் நலம் விசாரிப்பு. 60 நாட்களுக்கு முன்பு முன்பதிவு தொடங்கினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிடுகிறது. எப்படியோ இடம் பிடித்து ஏறினாலும், திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டித்தான் வீடு சேர முடியும்.

ஊரில் கோயில் கொடை, தங்கை மகள் திருமணம், பங்காளிகளுடன் வேலித் தகராறு என்று 15 நாட்கள் பறந்துவிடும். கையிருப்பும் கரைந்துவிடும். வட்டிக்கு வாங்கிய பணத்தோடு திரும்பி வந்து, அடுத்த கோடை வரை அதை அடைப்பார்கள்.

இதைக் குறை சொல்வதற்கில்லை. பெற்ற தாய் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "குகைக் கோயிலைப் பார்க்கப் போ" என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 30 ஆண்டுகளாக இந்த மண்ணில் உழைத்து, இங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒருவர், இந்த மண்ணில் எதைப் பார்த்தார் என்று கேட்டால் பதில் என்ன? வேலை செய்யும் இடம், ரேஷன் கடை, லோக்கல் ரயில், விநாயகர் சதுர்த்தி ஊர்வலம். இவ்வளவுதான். உலகின் மறுகோடியிலிருந்து ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்து பார்க்கிறவற்றை, பக்கத்திலேயே குடியிருப்பவர் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிடுகிறார்.

தலைக்கு மேலே இருப்பது

இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையத்தில் நாள்தோறும் இறங்கிக் கோட்டைப் பகுதிக்கு ஓடும் குமாஸ்தாக்களில் எத்தனை பேர் தலை நிமிர்ந்து அதைப் பார்த்திருப்பார்கள்? பிரடெரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி 1878-ல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் எழுந்த கட்டடம் அது. தூண்களிலும் வளைவுகளிலும் உள்ள இலை, பறவை, விலங்கு வேலைப்பாடுகளைச் செய்ததில் பம்பாய் ஓவியப் பள்ளியின் இந்திய மாணவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2004-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. 8.40 வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் அது வெறும் பிளாட்பாரம் ஆகிவிட்டது.

கேட்வேயிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் எலிபெண்டா. உள்ளூர் மக்களுக்கு அது காராபுரி. 6-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து, 18 அடி உயரத்தில் மூன்று முகங்களோடு செதுக்கிய சிவபெருமான் அங்கே இருட்டில் அமர்ந்திருக்கிறார். போரிவ்லி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கானேரியில் 100-க்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் உள்ளன. அவற்றுக்குப் பொருள் கொடுத்தவர்கள் மன்னர்கள் மட்டும் அல்ல. கல்யாணிலிருந்தும் சோபாராவிலிருந்தும் வந்த வணிகர்களின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. இன்று கல்யாணிலிருந்து முதல் வண்டி பிடித்து வேலைக்கு வருகிற தமிழருக்கு, அந்த ஊரின் பெயர் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறது என்று தெரிந்தால், ஊரின் மீதே ஒரு மதிப்பு வராதா?

காஞ்சியிலிருந்து எல்லோரா வரை

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது எல்லோரா. காரணம், அதில் தமிழகத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டினான். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையெடுத்து வந்து காஞ்சியை வென்றான். வென்றவன் கோயிலைக் கொள்ளையிடவில்லை. அதன் செல்வத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக, அவனுடைய கன்னடக் கல்வெட்டு இன்றும் அக்கோயில் தூணில் இருக்கிறது. அந்த வெற்றியின் நினைவாக அவனுடைய அரசி லோகமாதேவி கர்நாடகத்தின் பட்டதக்கல்லில் எழுப்பியதே விருபாட்சர் கோயில். அதைக் கட்டிய தலைமைச் சிற்பி குண்டனுக்குத் திரிபுவனாசாரி என்ற பட்டம் கிடைத்தது. சர்வசித்தி ஆசாரி என்ற இன்னொருவரையும் அங்குள்ள கல்வெட்டு குறிப்பிடுகிறது. அவரை அது தென்திசைச் சிற்பி என்று சொல்கிறது.

சாளுக்கியருக்குப் பின் வந்த ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் எல்லோராவில் கைலாசர் கோயில் உருவானது. 16-ஆம் எண் குகை என்று பலகை வைத்திருப்பார்கள். உண்மையில் அது குகையே அல்ல. மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கி வெட்டி, கோபுரம், மண்டபம், தூண், யானை எல்லாவற்றையும் ஒரே பாறையில் எடுத்திருக்கிறார்கள். கட்டடத்தில் ஒரு கல் பிசகினால் மாற்றலாம். இங்கே ஓர் உளி தவறினால் ஒட்டவைக்க வழியில்லை. விருபாட்சர் கோயிலின் சாயல் இதில் இருப்பதாக அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். காஞ்சி, பட்டதக்கல், எல்லோரா என்று கலை நடந்து வந்த பாதை இது. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்த தொழிலாளிக்கு, தொழில் தெரிந்த கைகள் என்றைக்குமே எல்லை தாண்டித்தான் போயிருக்கின்றன என்பதை அந்தக் கல் சொல்லும்.

திட்டம் இருந்தால் செலவு குறையும்

இதற்குக் கோடை விடுமுறையைத் தியாகம் செய்ய வேண்டியதே இல்லை. மே மாத வெயிலில் அந்தப் பாறைகளின் மேல் கால் வைக்க முடியாது. மழை முடிந்த பிறகு, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரையே ஏற்ற காலம். வெள்ளி இரவு மும்பையில் ரயில் ஏறினால், சனிக்கிழமை காலை அவுரங்காபாத். 2023 முதல் அந்த ஊருக்குச் சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர். அங்கிருந்து எல்லோரா சுமார் 30 கிலோமீட்டர். போகிற வழியிலேயே தவுலதாபாத் கோட்டை. ஞாயிறன்று சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அஜந்தா. அன்றிரவே ரயில் ஏறினால் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடலாம். சனிக்கிழமை வேலை உள்ளவருக்கும் ஒரே ஒரு நாள் லீவு போதும்.

கிழமையை மட்டும் மறக்கக் கூடாது. அஜந்தா, எலிபெண்டா, கானேரி மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமை. இது தெரியாமல் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. எல்லோராவிலும் அஜந்தாவிலும் இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய்தான். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம்.

ஒரே பயணத்தில் ஏழு ஊர் என்று ஓடுவதுதான் பணத்தையும் உடம்பையும் கெடுப்பது. எல்லோராவில் 34 குகைகள். பௌத்தம் 12, இந்து சமயம் 17, சமணம் 5. அத்தனையையும் எண்ணிவிட்டு வருவதைவிட, ஆளுக்கொரு சமயமாக மூன்றே குகைகளை நின்று பார்த்துவிட்டு வருவது மேல். மூன்று சமயத்தாரும் ஒரே மலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பது ஒன்றே, இன்றைய பிள்ளைகளுக்குப் பெரிய பாடம்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி. இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் ஒரு முறை, சொந்த ஊருக்குப் பதிலாக இந்தியாவில் எந்த ஊருக்கும் போகலாம். அந்தச் சலுகையைக் காலாவதியாக விடுவோர் பலர். போகாத ஊருக்குப் போனதாகக் கணக்குக் காட்டி மாட்டிக்கொண்டோரும் உண்டு. பட்டதக்கல்லும் ஹம்பியும் தூரம் என்று தயங்குகிற குடும்பம், அந்த ஒரு முறையை அதற்குப் பயன்படுத்தலாம்.

பிள்ளைகளுக்காக

இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கோடையில் ஊருக்குப் போனால் அவர்கள் "மும்பைக்காரப் பிள்ளைகள்". மும்பைக்குத் திரும்பினால் "மதராசி". இரண்டு இடத்திலும் விருந்தாளி. இந்தக் குறையைப் பேச்சால் போக்க முடியாது. ஓர் இடத்தின் வரலாற்றைத் தெரிந்தவனை அந்த இடத்துக்கு அந்நியன் என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல.

2025-ல் மராட்டியர்களின் 12 கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது தமிழ்நாட்டின் செஞ்சி. சிவாஜி 1677-ல் அதைக் கைப்பற்றினார். பிறகு அவர் மகன் ராஜாராம் முகலாயரின் முற்றுகையைத் தாங்கி ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தார். ராய்கட்டைப் பார்த்த தமிழ்ப் பிள்ளை, அடுத்த கோடையில் ஊருக்குப் போகும்போது செஞ்சியையும் பார்த்துவிட்டு வந்தால், வகுப்பில் பக்கத்தில் உட்காரும் மராத்தித் தோழனுக்குச் சொல்ல அதனிடம் ஒரு கதை இருக்கும்.

கொடைக்கும் திருமணத்துக்கும் ஊருக்குப் போகத்தான் வேண்டும். அந்தக் கடமை அப்படியே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு சனி, ஞாயிறு மட்டும் இந்த மண்ணுக்குக் கொடுத்தால் போதும். அதற்கான பணத்தை மாதாமாதம் ஒரு டப்பாவில் போட்டுவைத்தால் கடனும் வராது. முதல் பயணம் வரும் ஞாயிறே, எலிபெண்டா படகிலேயே தொடங்கலாம்.