இந்த வயதில் கலர் மார்க்கர்

"இந்த வயதில் கலர் பேனாவா சார்?" என்று கேட்டார் எதிர்வீட்டு நண்பர். ஒரு பேனாவின் விலையைச் சொன்னதும் அதையே இன்னும் உரக்கக் கேட்டார்.

எண்பதுகளில் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் லே-அவுட் ஆர்ட்டிஸ்டாக இருந்தேன். அப்போது வெளிநாட்டு மார்க்கர் யாராவது வாங்கி வந்தால்தான் உண்டு. சைலீன் கலந்த மை. மூடியைத் திறந்தால் அறை முழுக்க நெடி. மாலையில் தலைவலியோடுதான் வீடு திரும்புவேன். ஜெராக்ஸ் எடுத்த படத்தின்மேல் வண்ணம் தீட்டினால் கறுப்புக் கோடு கரைந்து, புடவை விளம்பரப் பெண்ணின் முகத்தில் கரி அப்பிவிடும். மை காய்ந்தால் பேனா குப்பைக்கூடைக்கு.

ஜப்பான்காரர்கள் 1987-இல் கொண்டுவந்த காப்பிக் மார்க்கர் இந்தத் தொல்லையைத்தான் தீர்த்தது. ஆல்கஹால் மை, ஜெராக்ஸ் கோட்டைக் கரைக்காது. காப்பி எடுப்பதை வைத்துத்தான் அந்தப் பெயரே (நம் டிகாக்‌ஷன் காப்பி இல்லை). முதலில் வந்ததற்குச் சதுர உடம்பு, விறைப்பான முனை. பிறகு அதையே மாற்றி 'ஸ்கெட்ச்' என்று விட்டார்கள். நீள்வட்ட உடம்பு, ஒரு பக்கம் பட்டை முனை, மறுபக்கம் தூரிகை போல வளையும் முனை. போன வருடம் என் பிறந்தநாளுக்கு மகள் அதில் ஆறு வாங்கித் தந்தாள்.

எனக்கு இரண்டு வருடமாக வலது கை நடுங்குகிறது. வாட்டர்கலரையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டாயிற்று. இந்த வளையும் முனை நடுக்கத்தை மறைக்கும் என்று நினைக்காதீர்கள். கோடு இழுத்தால் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ஆனால் பரப்பித் தீட்டும்போது, ஈரம் காய்வதற்குள் அடுத்த பட்டையைச் சேர்த்தால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடுகின்றன. நடுக்கம் போன இடம் தெரியவில்லை. கோட்டை மட்டும் பென்சிலில் மெதுவாகப் போட்டுக்கொள்கிறேன். முதல் படத்தை முடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

விலைக்கு வருகிறேன். அந்தக் காசுக்கு எண்பது பேனா செட் கிடைக்குமே என்கிறார் நண்பர். கிடைக்கும். காய்ந்ததும் எண்பதையும் எறிய வேண்டும். இதில் முனை தேய்ந்தால் பிடுங்கி மாற்றலாம். மை தீர்ந்தால் நிரப்பலாம். 2020-இல் மைப் புட்டியையும் மாற்றினார்கள். 25 மில்லி 12 ஆகச் சுருங்கியது. ஆனால் மூக்கு மெலிந்ததால் முனையைக் கழற்றிவிட்டு உள்ளே சொட்டுச் சொட்டாக விடுவது சுலபம். மை நிரப்பி, நிப்பின் இடுக்கைப் பிளேடால் சுரண்டி, ஒரே பேனாவில் பத்து வருடம் எழுதியவர்கள் நாம். நமக்கு இதை விளக்க வேண்டுமா? மொத்தம் 358 நிறம் இருக்கிறது. இருக்கட்டும், ஆறு போதும் என்பது என் கட்சி.

ஒன்றை மறைக்கக்கூடாது. இந்த மை எல்லாமே சாயம். வெயில் பட்டால் வெளுக்கும். கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் என் மனைவி உட்கார்ந்திருப்பதை நினைவிலிருந்து வரைந்து, ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன். எட்டு மாதத்தில் அவளுடைய அரக்குப் புடவை ரோஸ் ஆகிவிட்டது. தப்பு என்னுடையதுதான். லே-அவுட் ஒரு வாரம் தாங்கினால் போதும் என்று வேலை பார்த்த ஆளுக்கு, படம் நிலைக்க வேண்டும் என்ற யோசனையே வரவில்லை.

மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். இந்தத் தடவை சுவரில் மாட்டாமல் ஆல்பத்துக்குள் வைப்பதாக உத்தேசம். திண்ணை, தூண், அவள் முகம் எல்லாம் முடிந்தது. அரக்கு மை தீர்ந்துவிட்டதால் புட்டிக்குச் சொல்லியிருக்கிறேன்; அது வரும்வரை புடவை பென்சில் கோடாகவே இருக்கும்.