பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நோயுற்றவரைப் பார்க்கச் செல்வது நம் நல்ல வழக்கங்களுள் ஒன்று. வெறுங்கையுடன் போகலாகாது என்று நாலு தோடம்பழமும் ஒரு போத்தல் ஹோர்லிக்ஸும் வாங்கிச் செல்கிறோம். கால்மணி நேரம் கட்டிலருகே அமர்ந்து சுகம் விசாரிக்கிறோம். வீட்டுக்காரி அடுப்பை மூட்டித் தேநீர் தருகிறாள். நாம் எழுந்து போனபின் அந்தக் கோப்பைகளைக் கழுவுகிறவளும் அவளே என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா, சகோதரிகளே?

நானும் எண்ணியதில்லை, சென்ற ஆண்டு மன்னார்த் தீவிலுள்ள பள்ளிமுனையில் என் பெரியம்மா மகள் வீட்டில் சில நாட்கள் தங்கும் வரையில். அக்காவின் மாமி பாரிசவாதத்தால் வலப்பக்கம் செயலற்றுப் படுக்கையில் கிடந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அத்தான் இரவில் கடலுக்குப் போய் விடிந்தபின் கரை சேருகிறவர். பகலில் உறங்கியாக வேண்டும். கடலுக்குப் போகாத நாளிலும், தாயைக் கழுவித் துடைப்பது பெண்கள் வேலை என்று ஒதுங்கிவிடுவார். ஏன் என்று கேட்டேன், மறுமொழி இல்லை.

படுத்திருப்பவரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிடில் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் உண்டாகும். கஞ்சியை நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்டவேண்டும்; இல்லையேல் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அவ்வாறாயின் ஓர் இரவில் அக்கா எத்தனை தடவை எழுந்தாள் என்பதை இதனைப் படிக்கும் மாணவர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

"பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள்" என்று அயலார் புகழ்ந்தார்கள். புகழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆயினும் புனித லூசியாள் ஆலய மணியோசை கேட்கும் தூரத்தில் இருந்தும், எட்டு மாதமாக அவள் ஒரு பூசை கண்டதில்லை. ஓர் இரவு மாமியை அவள் கடுஞ்சொல்லால் அதட்டியதையும், பின்பு குசினிக்குள் போய் விம்மி அழுததையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள், "ஞாயிறு பூசைக்குப் போய் வாருங்கள், அக்கா, நான் இருக்கிறேன்" என்றேன். உடனே அவள் இசையவில்லை. ஒரு நாள் முழுவதும் என்னைப் பழக்கினாள். தோளின்கீழ் எவ்வாறு கைகொடுத்துத் தூக்குவது, எந்த மாத்திரை எந்நேரம், மாமி இடக்கையால் கட்டிலைத் தட்டினால் என்ன பொருள் என்பதெல்லாம் கற்றபின்பே போனாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது காலெல்லாம் மணல்.

"பூசைக்குப் போகவில்லை, தங்கச்சி. பெருக்க மரம் வரைக்கும் நடந்துபோய், பிறகு கடற்கரையில் சும்மா இருந்துவிட்டு வந்தேன்" என்றாள், குற்றம் செய்தவளைப் போல. அன்று மாலை மாமிக்குக் கஞ்சி ஊட்டுகையில் அவள் குரல் வேறாயிருந்தது.

இங்கிலாந்தில் ரக்பி நகரில் 1974-ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு திட்டம் தோன்றிற்று. 'குறொஸ்ரோட்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் சக்கர நாற்காலியில் வாழும் ஒரு பாத்திரம் வர, அதை ஒட்டி உண்மையான குடும்பங்களின் அவல நிலை பேசப்பட்டது. தொடரை ஒளிபரப்பிய நிறுவனம் பத்தாயிரம் பவுண் உதவியது. பயிற்சி பெற்ற உதவியாளர் வீட்டுக்கே வந்து, அங்குள்ளவர் செய்யும் பணியைத் தாம் செய்து, அவரை வெளியே அனுப்பிவைப்பார். நமக்கு அண்மையில், கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் பகுதிகளில் 1990-களின் இறுதி முதல் அயலவர்களே பயிற்சி பெற்று நோயாளர் வீடுகளுக்குச் சென்று வருகின்றனர். அங்கு பணத்தைவிட முறைவைத்து வரும் மனிதர்களே மூலதனம்.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. நல்லது. சட்டத்தில் பிள்ளைகளின் கடமை என்றிருப்பது வீட்டுக்குள் வரும்போது எப்படியோ மருமகளின் கடமையாகிவிடுகிறது.

ஆகவே தோடம்பழம் வேண்டாம் என்று சொல்லவில்லை, கொண்டு போங்கள். அதனுடன் ஒரு கிழமையையும் ஒரு நேரத்தையும் குறித்துச் சொல்லுங்கள். "ஏதும் தேவையென்றால் சொல்லியனுப்பு" என்பது உதவியன்று. சொல்லியனுப்ப அவளுக்கு நேரமேது? முதல் தடவை அருகிருந்து வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். அஃதில்லாமல் அவள் வாசற்படி தாண்டினாலும் மனம் கட்டிலருகிலேயே நிற்கும்.

எதிர்வீட்டு மாது ஒருவர் இப்போது வியாழன்தோறும் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை மாமியுடன் இருக்கிறாராம். தமக்குத் தேநீர் வைக்கக் கூடாது என்பது அவர் விதித்திருக்கும் நிபந்தனை.