பத்துப் பொத்தான்களுக்கு ஒரு கிராணி போதும்

பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு ஒரு கணக்குத் திரையைப் பைத்தானில் செய்யச் சொன்னால், நாசி லெமாக்கிற்கு ஒன்று, மீ கோரெங்கிற்கு ஒன்று எனப் பத்துப் பொத்தான்கள் வைக்கிறீர்கள். அதுவரை சரி. அடுத்து, பொத்தானுக்கு ஒரு ஃபங்ஷன் எனப் பத்து எழுதுகிறீர்கள். உண்மையில் ஒன்றை எழுதி ஒன்பது முறை ஒட்டுகிறீர்கள்! பிறகு கழிவு விலை சேர்க்க வேண்டுமென்றால் எட்டு இடத்தில் திருத்துவீர்கள். இரண்டு இடம் விட்டுப்போகும். அந்த இரண்டு உணவை வாங்குபவருக்குக் கணக்கு தப்பும்.

தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், பால் நிறுக்கும் இடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமானாலும் சரி, ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டமானாலும் சரி, பால்மரம் வெட்டியவர்கள் ஆளுக்கொரு கிராணி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு தராசு, ஒரு கிராணி. வாளி வரும், அது யாருடையது என்பதும் கூடவே வரும். எடை பார்த்து, மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணித்து (தண்ணீர் கலந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்), அந்த ஆளுக்கு நேரே எழுதுவார். ஆள் மாறி எழுதினால் ஒருவர் கூலி இன்னொருவருக்குப் போய்விடும்.

திரைகளை உருவாக்க உதவும் 'கியூட்' என்ற கருவித்தொகுப்பும் இப்படித்தான். நார்வேயின் ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பெ-எங் இருவரும் 1991இல் எழுதத் தொடங்கியது அது, 1995இல் வெளிவந்தது. பொத்தானை அழுத்தினால் ஒரு சிக்னல் கிளம்பும். அதை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் ஸ்லாட். பத்துப் பொத்தான்களையும் ஒரே ஸ்லாட்டில் இணைக்கலாம். சிக்கல் ஒன்றுதான்: 'அழுத்தினார்கள்' என்று சொல்லும் சிக்னல், எந்தப் பொத்தானை என்று சொல்லாது.

'அனுப்பியது யார்?' என்று ஸ்லாட்டுக்குள்ளிருந்தே கேட்க வழி உண்டு. எனக்கு அது பிடிக்காது. கியூட்டின் கையேடே அதைப் பற்றி எச்சரிக்கிறது. சிக்னல் இல்லாமல் அந்த ஃபங்ஷனை நேரடியாக அழைத்தால் அனுப்பியவர் என்று யாரும் இருக்கமாட்டார். சிலர் பொத்தானின் எழுத்தைப் படித்து அடையாளம் காண்கிறார்கள். இது இன்னும் மோசம். மலாயில் இருந்த பெயரைத் தமிழுக்கு மாற்றிய அன்றே நிரல் படுத்துவிடும்.

பொத்தானை இணைக்கும்போதே எண்ணையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல முறை. பைத்தானில் இதைச் சுழற்சிக்குள் லாம்டா போட்டுச் செய்வார்கள். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கடைசி எண்ணே வரும். லாம்டா எண்ணை எடுத்து வைத்துக்கொள்வதில்லை. அந்த மாறியின் பெயரை மட்டும் நினைவில் வைத்து, அழுத்தும் நேரத்தில்தான் மதிப்பைப் பார்க்கிறது. கிராணி ஆளின் பெயரை எழுதாமல், ஒவ்வொரு வரியிலும் 'எதிரே நிற்பவர்' என்று எழுதிவிட்டு மாலையில் நிமிர்ந்து பார்த்தால், கடைசியாக நின்றவர் மட்டும்தானே தெரிவார்? எண்ணை லாம்டாவின் முன்னிருப்பு மதிப்பாகக் கொடுத்தால், அது அப்போதே பதிவாகிவிடும்.

படிவம் 4 மாணவர்களுக்கு இதைவிட எளிதாக, கியூட்டிலேயே உள்ள 'பட்டன் குரூப்'பை நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு பொத்தானையும் ஓர் எண்ணோடு குழுவில் சேர்த்துவிட்டால், அழுத்தப்பட்டதன் எண்ணைக் குழுவே ஸ்லாட்டுக்கு அனுப்பும். விலைகளை ஒரு பட்டியலில் வையுங்கள். எண்ணைக் கொண்டு ஸ்லாட் விலையை எடுத்துக்கொள்ளட்டும். நாளை ரொட்டி சானாயைச் சேர்க்க வேண்டுமா? பட்டியலில் ஒரு வரி, திரையில் ஒரு பொத்தான். ஸ்லாட்டில் கை வைக்க வேண்டியதில்லை.