பள்ளி வாசலில் நிறுவனப் பேருந்து

சென்ற ஆண்டு பொதுத்தேர்வு முடிந்த சில வாரங்களில் ஒரு தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார். கையில் ஒரு படிவம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவருடைய மகளை ஒரு நிறுவனம் பள்ளிக்கே வந்து தேர்ந்தெடுத்திருந்தது. "சாமி, இதுல எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். படிவம் முழுவதும் ஆங்கிலம். மாதம் இவ்வளவு தருவோம் என்று ஒரு வரி இருந்தது. இடையில் விலகினால் பணம் கட்டவேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. அந்தப் பெண் என்ன கற்றுக்கொள்வாள் என்று சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. "பள்ளிக்கூடத்துல என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டேன். "நல்ல கம்பெனி, விட்டுடாதீங்கன்னு சொன்னாங்க சாமி."

அந்தப் பதில் என்னைப் பல நாள் உறுத்திற்று. நிறுவனம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த ஒரு பிள்ளைக்கும் பெருமுதல் படைத்த ஒரு நிறுவனத்துக்கும் இடையே உடன்படிக்கை நடக்கும்போது, பள்ளி யார் பக்கம் நிற்கவேண்டும்?

கல்வியும் தொழிலும் கைகோக்க வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், பள்ளிகளில் உயர்கல்விக்கும் வேலைக்கும் வழிகாட்டுகிறது; கல்லூரிகளில் தொழில் நிறுவனங்களின் துணையோடு திறன் பயிற்சி தருகிறது. நல்ல நோக்கமே. தாம்பரத்தில் 1984-லிருந்து ஏற்றுமதி வளாகம் இருக்கிறது; சற்றுத் தொலைவில் திருப்பெரும்புதூரின் ஆலைகள். நம் பிள்ளைகள் இவற்றை அறியாமல் வளரவேண்டும் என்று யார் சொல்வார்கள்? நான் எதிர்ப்பது வேறு. பள்ளி தன்னை ஆள் சேர்த்துக் கொடுக்கும் இடமாக ஆக்கிக்கொள்வதையும், அதைச் சாதனை என்று பதாகை கட்டுவதையும் எதிர்க்கிறேன். வேலை பெற்றோர் எத்தனை பேர் என்று பதாகை சொல்கிறது. ஓராண்டு கழித்து அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எந்தப் பதாகை சொல்லியிருக்கிறது?

நம் அனகாபுத்தூருக்கு இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. இங்குள்ள தறிகளில் ஒரு காலத்தில் 'மதராஸ் கைக்குட்டை' நெய்தார்கள். பெயர்தான் கைக்குட்டை, அதை வாங்கிய நைஜீரிய மக்களுக்கு அது உடுக்கும் ஆடை. ஊர் முழுவதும் அந்த ஒரே சந்தையை நம்பியிருந்தது. 1970-களில் அந்நாடு இறக்குமதிக்குத் தடை விதித்தபோது தறிகள் ஓய்ந்தன. ஆனால் கதை அங்கே முடியவில்லை. எஞ்சிய நெசவாளர் சிலர் பின்னாளில் வாழைநாரையும் சணலையும் கற்றாழை நாரையும் தறியில் ஏற்றிச் சேலை நெய்தார்கள். அவர்களால் அது எப்படி முடிந்தது? பாவு ஓட்டுவது முதல் துணியை அறுத்தெடுப்பது வரை தொழில் முழுவதும் அவர்கள் கையில் இருந்தது. சந்தை போனாலும் கைத்திறன் போகவில்லை.

இதன் பக்கத்தில் இன்னொரு கதையை வைத்துப் பாருங்கள். 2006-ல் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தபோது, பள்ளிப்படிப்பை முடித்த இளைஞரும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் அங்கே சேர்ந்தார்கள். பேருந்து வீட்டருகே வந்தது, சீருடை வந்தது, மாதச் சம்பளம் வந்தது. 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. கைப்பேசியின் ஒரு பாகத்தைப் பொருத்துவதோ சோதிப்பதோ மட்டும் எட்டு ஆண்டு செய்த ஒருவர், அந்த அனுபவத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவார்? ஆலை வந்ததை நான் குற்றம் சொல்லவில்லை. போகும்போது பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும் என்று முதல் நாளே கேட்க ஒருவரும் இல்லையே என்பதே என் வருத்தம்.

கேட்ட ஒருவர் நம் மரபில் இருக்கிறார். 1852 பிப்ரவரியில் இத்தாலியின் தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ, தம்மிடம் இருந்த ஒரு சிறுவனைத் தச்சுப் பட்டறையில் சேர்த்தார். வெறும் வாய்ப்பேச்சோடு அனுப்பிவிடவில்லை. பட்டறைத் தலைவர், சிறுவன், அவன் தந்தை ஆகியோரோடு தாமும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். தொழிலை முறையாகக் கற்றுத்தர வேண்டும். தவறு செய்தால் சொல்லால் மட்டும் திருத்தவேண்டும். தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக்கூடாது. திருநாள்களில் ஓய்வு தரவேண்டும். கூலி படிப்படியாக உயரவேண்டும். பட்டறையும் பள்ளியும் கைகோத்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? அங்கே குருவானவர் சிறுவனின் பக்கம் நின்றார்.

நம் நாட்டிலும் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் அச்சட்டப்படி பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர். ஒப்பந்தத்தில் தனியே எழுதியிருந்தாலொழிய, பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே எழுதப்படும் ஒவ்வொரு வரியும் பிள்ளையின் வாழ்வு. அதைப் படிக்காமலே "விட்டுடாதீங்க" என்று நாம் சொல்லலாமா?

"வாடகையைச் சாமியாரா கட்டப்போகிறார்? சம்பளம் இன்றைக்கு வேண்டுமே" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வறுமை காத்திருக்காது என்பது எனக்கும் தெரியும். வேலைக்குப் போகாதே என்று எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லவில்லை. அவசரத்தில் இருப்பவருக்குத்தான் துணை மிகுதியாக வேண்டும் என்கிறேன். உழைப்பு மனிதனுக்காகவே, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரிய போதனையா அது?

நம் கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்துவோருக்கு ஒன்று சொல்வேன். எந்த நிறுவனம் வாசலுக்கு வந்தாலும் ஒப்பந்தம் தமிழிலும் இருக்கட்டும். எந்தத் தொழில், எத்தனை மாதம், யார் கற்பிப்பார் என்று அதில் எழுதட்டும். வேறிடத்திலும் செல்லுபடியாகும் சான்றிதழ் தரட்டும். விலகினால் தண்டம் என்ற வரியை நீக்கட்டும். மேற்படிப்புக்கு நேரம் விடட்டும். தலைமையாசிரியரும் அதில் கையொப்பமிட்டு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்த ஆலைக்குப் போய்ப் பார்க்கட்டும். இவற்றுக்கு உடன்படாத நிறுவனத்தைத் தேநீர் கொடுத்து வழியனுப்பலாம். பெற்றோரே, அன்பியக் கூட்டங்களில் இந்தப் படிவங்களைக் கொண்டுவந்து படியுங்கள். ஆங்கிலம் அறிந்தவர் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்.

அந்தத் தாய் அன்று கையெழுத்திட்டார். வேறு வழி ஒன்றைக் காட்ட என்னிடமும் ஏதும் இல்லை. அவருடைய மகள் இப்போது விடியுமுன் பேருந்து ஏறுகிறாள்; நான் காலைத் திருப்பலிக்குக் கோவிலைத் திறக்கும் நேரம் அது. என்னைக் கண்டால் சிரித்துக்கொண்டே தோத்திரம் சொல்கிறாள். அவளுக்காக அந்தக் காகிதத்தில் ஒரு வரியைக்கூட மாற்றித் தர முயலாதவன் நான் என்பது, ஒவ்வொரு காலையிலும் நினைவுக்கு வருகிறது.